சிரிக்கக் கூடாத கட்டில்

குப்புறக் கிடக்கிறேன், கன்னத்தின் கீழே காகித விரிப்பு, நான் மூச்சு விடும்போதெல்லாம் அது மொறுமொறுவென்று சத்தம் போடுகிறது, கட்டிலின் நடுவே வட்டமாக ஓர் ஓட்டை, அந்த ஓட்டை வழியாக என் இடது மார்பு கீழே தொங்குகிறது, எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லாத மாதிரி, மாடியில் இருப்பவளிடம் சொல்லாமல் கீழ் வீட்டுக்குக் குடிபோய்விட்ட மாதிரி. இப்படி நினைக்கக் கூடாது. இப்படி நினைத்தால் சிரிப்பு வரும், சிரித்தால் உடம்பு குலுங்கும், உடம்பு குலுங்கினால் படம் கலங்கும். ஒர்னெல்லா அதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளை அங்கி போட்ட நெட்டைப் பெண், என்னைக் கட்டிலில் ஏற்றிப் படுக்கவைத்தவள், கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் என்னைத் தொட்டாள். சின்யோரா ஜாச்சிந்தா, மூச்சு விடலாம், ஆனால் சின்னதாக விடுங்கள், இருமக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. இருமாமல் இருந்துவிடுவேன். பேசாமல்கூட இருந்துவிடுவேன். ஜெசிந்தாவை ஜாச்சிந்தா ஆக்கினாலும் பரவாயில்லை, இந்த இத்தாலிக்காரர்கள் வாயில் அப்படித்தான் நுழைகிறது, தூத்துக்குடியில் செலஸ்டினாக இருந்த இவர் இங்கே செலெஸ்தீனோ ஆகி வருஷங்கள் ஆகின்றன. இவர் என்றால் என் வீட்டுக்காரர். சுவருக்கு அந்தப் பக்கம், கணினிகள் இருக்கிற அறையில், மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு எதையும் தொடக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். படுத்திருப்பது பெண்டாட்டி என்பதால். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கிய பையன் மாதிரி.

மணி அடிக்கிறது. ஈயம் வைத்த கதவு மூடுகிற சத்தம், ரயில் பெட்டியோடு எஞ்சின் வந்து சேர்கிற சத்தம். கதிர் வரும்போது உள்ளே யாரும் இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே கட்டிய அறை இது, அதில் இருக்கலாம் என்று விதிவிலக்குப் பெற்ற ஒரே ஆள் இப்போது நான், ஒரு மகாராணி இருக்க வேண்டிய இடம், மகாராணி குப்புறக் கிடக்கிறாள். இந்தக் கட்டடமே ஒரு பெரிய வளையம். எலெக்ட்ரான்களை உள்ளே விட்டு ஓட ஓட விரட்டுகிறார்கள், அவை வளைவில் திரும்பும்போது ஒளியைச் சிதறவிடுகின்றன, ஈரத்துண்டைச் சுழற்றினால் தண்ணீர் தெறிக்குமே அப்படி என்று இவர் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் குளியலறைத் துண்டை எடுத்துச் சுழற்றிக் காட்டிச் சுவரெல்லாம் நனைத்தார். தெறிக்கிற அந்த ஒளியில் ஒரு கீற்றைப் பிடித்து, நீளக் குழாய் வழியாக இந்த அறைக்குக் கொண்டுவருகிறார்கள். எக்ஸ்ரேதான், ஆனால் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மாதிரி கண்டபடி பரவாது, சேலைக் கரை அளவு அகலம், அட்டை அளவு கனம், கத்தியால் வெட்டி எடுத்த மாதிரி வரும். கட்டில் நகரத் தொடங்குகிறது. நகர்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது, அவ்வளவு மெதுவு, தேர் முக்குத் திரும்புகிற மெதுவு, கால்மாட்டில் இருந்த சிவப்பு விளக்கின் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் இடம் மாறுவதைப் பார்த்துத்தான் நான் சுற்றுகிறேன் என்று தெரிகிறது. அரைவட்டம் சுற்றி முடிந்தால் போதும். அதுவரை நான் ஒரு மரக்கட்டை. மரக்கட்டைக்கு மூக்கு அரிக்குமா. அரிக்கிறது. அரிக்கட்டும்.

கீழே என் சக்களத்தி இருக்கிறாள். இவர் செய்த டிடெக்டருக்கு நான் வைத்த பேர் அது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக இவர் அவளோடுதான் குடித்தனம், வீட்டுக்கு வருவது சாப்பிடவும் தூங்கவும் அவளைப் பற்றிப் பேசவும். சிலிக்கான் தகடு, சில்லு என்பார் இவர், நகத்தைவிட மெல்லிசு, அதில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் நெருக்க நெருக்கமாக, எக்ஸ்ரேத் துளி ஒவ்வொன்றும் எந்தக் கோட்டில் வந்து விழுந்தது என்று அது எண்ணும். ஒரு நாள் சாயங்காலம் நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது சமையலறைக்கு வந்தார். பொரிக்காத அப்பளம் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, பாரு, வெளிச்சம் இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிடுது, பிடிபட மாட்டேங்குது என்றார். பிறகு அதன் விளிம்பை விளக்குக்குக் காட்டித் திருப்பினார். இப்ப விளிம்பு வழியா உள்ள வந்தா அப்பளத்தோட நீளம் பூரா ஓடணும், தப்பிக்க முடியாது, எங்கேயாவது மாட்டிக்கிடும். அவருடைய முகத்தில் அப்போது இருந்த சந்தோஷம், நாங்கள் வீடு வாங்கிய அன்றுகூட இல்லை. எல்லாரும் தகட்டைப் படுக்க வைத்தால் இவர் விளிம்பைக் காட்டி நிறுத்தி வைத்திருக்கிறார், அவ்வளவுதான், ஆனால் அதனால் ஒரு துளிகூட வீணாவதில்லை, வீணாகாததால் கதிர் கொஞ்சம் போதும், கொஞ்சம் போதும் என்பதால் படுத்திருக்கிற பொம்பளைக்குக் கெடுதல் குறைவு. படுத்திருக்கிற பொம்பளை. எப்போதும் அப்படித்தான் சொல்வார். நான் எண்ணெயைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டினேன். எண்ணெய் புகைந்துவிட்டது. அப்பளம் கருகிவிட்டது. இரண்டு பேரும் கருகிய அப்பளத்தைத் தின்றோம், நல்லாத்தான் இருந்தது.

நீவெஸின் கடையில் இந்நேரம் முதல் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வந்திருக்கும். நீவெஸ் என் முதலாளி, வயதானவள், துறைமுகத்துக்குப் போகிற தெருவில் பிஸ்கெட், கேக் கடை வைத்திருக்கிறாள், அங்கே நான் தூத்துக்குடி மக்ரூன் போடுகிறேன், முட்டை வெள்ளையும் சீனியும் அடித்து, முந்திரித் தூள் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து. முதல் நாள் அதைத் தின்று பார்த்து, இது எங்கள் ஊர்ப் பண்டம், உன் ஊருக்கு எப்படிப் போனது என்றாள் நீவெஸ். கப்பலில் போயிருக்கும், இப்போது விமானத்தில் திரும்பி வந்திருக்கிறது என்றேன். இன்றைக்கு என்னை அனுப்பும்போது என் கன்னத்தில் மாவுக் கையால் ஒரு தட்டு தட்டினாள், அந்த மாவு இப்போதும் காதோரம் இருக்கும், படத்தில் விழுமோ என்னவோ. முட்டை வெள்ளை அடிக்கும்போது நுரை ஒரு கட்டத்தில் எழுந்து நின்றுகொள்ளும், பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாது, அந்த நேரத்தில் யாராவது கதவை அறைந்து சாத்தினால் போச்சு. நான் இப்போது அந்த நுரை. கவிழ்த்து வைத்த நுரை. வெளியே போரா அடிக்கிறது, இந்த ஊர்க் காற்றுக்கு அது பேர், மலையிலிருந்து இறங்கிக் கடலைப் பார்த்து ஓடும், காலையில் காரிலிருந்து இறங்கி நடக்கும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், காற்றுக்காகப் பிடித்தார் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம். நிழல். அதை நினைக்க வேண்டாம் என்றுதான் இத்தனை நேரம் மக்ரூனை நினைத்தேன். ஆஸ்பத்திரியில் எடுத்த மேமோகிராமில் ஒரு நிழல் இருந்தது, இடது பக்கம், வெளிப்புறமாக, கட்டியாக இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், உங்கள் மார்பு அடர்த்தியானது, படத்தில் எல்லாமே வெள்ளையாக இருக்கிறது, மூட்டத்துக்குள் மேகத்தைத் தேடுவது மாதிரி என்றார் அங்கிருந்த டாக்டர், இப்படித் தெளிவில்லாத படம் உள்ளவர்களை வளையத்தில் எடுத்துப் பார்க்கிறார்கள், போகிறீர்களா என்றார். வளையம் என்றதும் நான் சிரித்துவிட்டேன். டாக்டருக்குக் காரணம் புரியவில்லை. இவரிடம் வந்து சொன்னபோது இவர் சிரிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கழுவினார். கழுவிய தட்டை மறுபடியும் கழுவினார்.

ஷைனியிடம் சொல்லவில்லை, எங்கள் மகள், போலோன்யாவில் படிக்கிறாள், பரீட்சை நேரம், ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால். தெரிந்தாலும் சொல்லித்தானே ஆக வேண்டும். புஷ்பம் சித்தி யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் தங்கை, எங்கள் குடும்பத்திலேயே பெரிய சிரிப்புக்காரி, என் சிரிப்பு அவளிடமிருந்து வந்தது என்று எல்லாரும் சொல்வார்கள், கட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக மீன் ஆய்ந்தாள், கல்யாணங்களுக்குப் போனாள், வலி வந்த பிறகுதான் என் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆம்பள டாக்டர்கிட்ட எப்படிக் காட்டுறது என்பதுதான் அவள் சொன்ன ஒரே காரணம். அப்போது நான் கல்லூரி முடித்திருந்தேன், ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், சித்தியைவிட அவருக்குத்தான் வெட்கம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எந்தப் பக்கம் என்று கேட்டார். வலப்பக்கம் என்றாள் சித்தி. அவர் இடப்பக்கம் எழுதினார். சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு வலமா எனக்கு வலமா, முதல்ல அத முடிவு பண்ணுவோம் என்றாள். டாக்டரும் சிரித்தார், நானும் சிரித்தேன், சித்தி மார்பைத் திறந்து காட்டி உட்கார்ந்தபடி எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள், கதவுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இப்போது அதை நினைக்கும்போது எனக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா தெரியவில்லை, இரண்டும் வயிற்றில் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன, அடக்கு, அடக்கு ஜெசிந்தா, வேறு எதையாவது நினை, இவரை நினை, மூலையில் நாற்காலியில் இவர். கல்யாணமான புதிதில் விளக்கை அணைக்காமல் என் பக்கம் திரும்பாத மனுஷன். ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு விழுகிறது என்று போர்வையை எடுத்து ஜன்னலில் கட்டிய மனுஷன். அந்த மனுஷன் இன்றைக்கு, ஓர் அறை நிறைய ஆட்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க, வளையம் முழுக்க ஒளியை ஏற்றி, அவர் பெண்டாட்டியின் மார்பை மேலிருந்தும் கீழிருந்தும் ஒவ்வொரு அடுக்காக.

சிரித்துவிட்டேன். காகிதம் நொறுங்கியது, கட்டில் நடுங்கியது, அடக்க அடக்க மூக்கு வழியாக வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. கட்டில் நின்றது. கதவு திறந்து ஒர்னெல்லா வந்தாள், பின்னாலேயே டாக்டர் விசிந்தின், குட்டை முடி, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட பெண், படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் அவள்தான். திட்டுவாள் என்று நினைத்தேன். முட்டி போட்டு என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, எனக்குப் புரியும் வேகத்தில் சொன்னாள், பயத்தில் சிரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், தப்பில்லை, இன்னொரு தடவை எடுக்கலாம், உடம்பில் ஏறும் கதிருக்கு ஓர் அளவு வைத்திருக்கிறோம், அதனால் இந்த ஒரு தடவைதான், இதுவும் கலங்கினால் ஊசி வைத்துச் சதைத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். என்ன செய்தால் உங்களால் அசையாமல் இருக்க முடியும் என்று கேட்டாள். யோசித்தேன். கோயிலில் முழங்காலில் நிற்கும்போது சிரித்திருக்கிறேன், பரீட்சை எழுதும்போது சிரித்திருக்கிறேன், கல்யாணத்தில் பாதிரியார் கேள்வி கேட்டபோது சிரித்து அவர் மூன்று முறை கேட்க வேண்டிவந்தது. நான் சிரிக்காமல், அசையாமல் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு நேரத்தில்தான். இவர் ராத்திரிச் சாப்பாட்டில் அந்தச் சில்லைப் பற்றிப் பேசும்போது. என் வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள் என்றேன், ஒலிபெருக்கியில், தமிழில். டாக்டர் ஒர்னெல்லாவைப் பார்த்தாள். எதையும் தொடக் கூடாது என்றுதானே சொன்னோம், பேசக் கூடாது என்று சொல்லவில்லையே என்றாள் ஒர்னெல்லா.

மறுபடி மணி, மறுபடி கதவு, மறுபடி தரையில் சிவப்பு வெளிச்சம். கட்டில் கிளம்புகிறது. கூரையில் எங்கேயோ இருக்கிற ஒலிபெருக்கியில் ஒரு செருமல். இவர் செருமல்தான், தொலைபேசி எடுத்தாலும் முதலில் இது வரும். "ஜெசி, கேக்குதா. தலைய ஆட்டாத. கேக்குதுன்னே நான் எடுத்துக்கிடுதேன்." கேட்கிறது. "இப்ப கதிர் வந்துக்கிட்டு இருக்கு. சூடு தெரியாது, ஒண்ணும் தெரியாது. சில்லு எண்ணிக்கிட்டு இருக்கு." பிறகு அவர் வழக்கமான பாதையில் இறங்கிவிட்டார், எண்ணும் மின்சுற்று எவ்வளவு வேகம், குளிர்ச்சி குறைந்தால் படத்தைப் புள்ளி புள்ளியாகக் கெடுக்கும் இரைச்சல் எப்படி ஏறும், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே விழுகிற துளியை இரண்டு கோடும் எனக்கு எனக்கு என்று சொன்னால் யாருக்கு எழுதுவது, இதையெல்லாம் நான் எத்தனை ராத்திரி கேட்டிருக்கிறேன், ரசம் ஆறிப்போகக் கேட்டிருக்கிறேன், என் தோள் தளர்கிறது, தாடை தளர்கிறது, மூச்சு சின்னதாகி அதன் பாட்டுக்குப் போய்வருகிறது, மூக்குகூட அரிக்கவில்லை. பின்னால் இத்தாலியனில் யாரோ மெதுவாக ஏதோ சொல்கிறார்கள், நன்றாக இருக்கிறாள், தொடர்ந்து பேசு என்று சொல்லியிருப்பார்கள். இவர் பேசவில்லை. கட்டில் சுற்றுகிறது, பேச்சு வரவில்லை, என்ன ஆச்சு, படத்தில் எதையாவது பார்த்துவிட்டாரா, பார்த்துவிட்டுத்தான் வாயடைத்துப்போனாரா, இதயம் அடிப்பது காகிதத்தில் கேட்கிறது, அதுகூட அசைவுதானே, அதை எப்படி நிறுத்துவது, பேசுங்க, ஏதாவது பேசுங்க.

"இங்க யாருக்கும் தமிழ் தெரியாது," என்கிறது ஒலிபெருக்கி. "அதனால சொல்லுதேன். எனக்குப் பயமா இருக்கு ஜெசி. ஆஸ்பத்திரிப் படத்த நீ கொண்டாந்து காட்டுன நாள்லேர்ந்து பயமா இருக்கு. ஒங்கிட்டச் சொன்னா நீ சிரிச்சு என்னையச் சரி பண்ணிருவ, ஆனா நீதான பயப்படணும், நான் எப்படி முந்திக்கிட்டுப் பயப்படுதது." செருமல். "இந்தச் சில்லப் பண்ணும்போதெல்லாம் யாரோ ஒரு பொம்பளைக்குன்னுதான் நெனச்சிருக்கேன். அவளுக்கு மொகம் கெடையாது. இப்படிக் குப்புறப் படுத்திருப்பா, அவ்வளவுதான் தெரியும். நீயா இருப்பேன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாப் பண்ணியிருப்பேன்." மறுபடி செருமல். "இல்ல, அது பொய். இதுக்கு மேல நல்லாப் பண்ண எனக்குத் தெரியாது. எனக்கு என்ன தெரியுமோ அது பூரா ஒனக்குக் கீழதான் இருக்கு. நீ சும்மா கெட."

சும்மா கிடக்கிறேன். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காகிதத்தில் ஊறுகிறது, தண்ணீர் இறங்குவது அசைவில் சேராது என்று நினைக்கிறேன், நான் இறக்கவில்லை, அதுவாக இறங்குகிறது. இத்தனை வருஷத்தில் எனக்கு இவர் சொன்ன வார்த்தைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் இவ்வளவு வராது, அதுவும் ஒலிபெருக்கியில், சம்பளம் வாங்குகிற இடத்தில், மேலதிகாரி பக்கத்தில் நிற்க. எக்ஸ்ரேத் துளிகள் இந்த நிமிஷம் எனக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன, எத்தனையோ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கீழே ஒவ்வொன்றையும் பிடித்து ஒவ்வொன்றையும் எண்ணி வைக்கிறார் என் புருஷன், ஒன்றைக்கூடத் தவற விட மாட்டார், எனக்கு அந்த ஆளைத் தெரியும், சட்டையில் பொத்தான் அறுந்தால் பஸ்ஸை விட்டுவிட்டுப் பொத்தானைத் தேடுகிற ஆள். நிழல் இருக்கட்டும். இருந்தால் இவர் கண்டுபிடிப்பார். இல்லாவிட்டால் இல்லை என்பதையும் இவர்தான் கண்டுபிடிப்பார். பயம் எங்கேயும் போகவில்லை, பக்கத்திலேயே படுத்திருக்கிறது, ஆனால் அதற்கும் சும்மா கிடக்கச் சொல்லியிருக்கிறது போல, அதுவும் அசையவில்லை. அசையாமல் கிடப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. உள்ளங்கால் வரை சந்தோஷமாக இருக்கிறது. கட்டில் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றினால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன், அப்போது பார்த்து நின்றுவிட்டது.

ஒர்னெல்லா என் தோளில் துணியைப் போர்த்தினாள், என் முகத்தைத் துடைக்க இரண்டு காகிதக் கைக்குட்டை கொடுத்து இன்னொன்றை எடுத்து அவள் மூக்கைச் சிந்தினாள். உங்களுக்குத் தமிழ் தெரியுமா என்றேன். தெரியாது, ஆனால் குரல் கேட்டது என்றாள். உடை மாற்றிக்கொண்டு சின்ன அறையில் காத்திருந்தேன், ஸ்வெட்டரை முன்பின் மாற்றிப் போட்டிருப்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அதைக் கழற்றி மறுபடி போடத் தெம்பில்லை, சுவரில் கடல் படம், தூத்துக்குடிக் கடலைவிட நீலம், ஆனால் மீன் நாற்றம் இல்லாத கடல், எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது, டாக்டர் விசிந்தின் கூப்பிட்டாள். பெரிய திரை. அதில் கறுப்பும் வெள்ளையுமாக வட்டமாக ஏதோ ஒன்று, குறுக்கே வெட்டிய கோஸ் மாதிரி, அவள் சக்கரத்தை உருட்ட உருட்ட அடுக்கு அடுக்காக உள்ளே போனது. ஆஸ்பத்திரிப் படத்தைப் பக்கத்தில் வைத்தாள், இதோ அந்த நிழல் என்று பேனாவால் காட்டினாள். பிறகு வளையத்துப் படத்தில் அதே இடத்துக்குப் போனாள். முன்னால் ஒரு திசுப் பட்டை, பின்னால் ஒரு திசுப் பட்டை, நடுவே நல்ல இடைவெளி, தனித்தனியாக இரண்டும் சாதாரணம், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து நிழல் கட்டியிருக்கிறது, அடுக்கைப் பிரித்தால் நிழலே இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன், எங்கேயும் ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் வழக்கமான பரிசோதனைக்கு வாருங்கள் போதும் என்றாள். அவள் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு, படம் மிக நன்றாக வந்திருக்கிறது, உங்கள் கணவரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் இன்னும் பார்க்கவில்லை என்றாள். பார்க்கவில்லையா என்றேன். பேசும்போது முழுக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாராம், முடிந்ததும் எழுந்து வெளியே போய்விட்டாராம்.

காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், கையில் காகிதக் கோப்பை, அதில் காப்பி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. என்னைப் பார்த்தார், ஸ்வெட்டரைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்லயாம்," என்றேன். "சரி," என்றார். கோப்பையை இயந்திரத்தின் மேல் வைத்தார். மறுபடியும் சரி என்றார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், போகிற வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கையை எடுத்ததும் முதல் கேள்வி, படத்துல இரைச்சல் ஜாஸ்தியா இருந்துச்சா. அப்போதுதான் சிரித்தேன். வளையம் முழுக்கக் கேட்டிருக்கும், அந்தப் பக்கம் ஓடிய எலெக்ட்ரான் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கும். வாங்க, நான் காட்டுதேன் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

டாக்டர் எழுந்து இடம் கொடுத்தாள், ஒர்னெல்லா இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இத்தனை வருஷம் எண்களாகப் பார்த்தவர், மெழுகுப் பொம்மையையும் பிளாஸ்டிக் உருண்டையையும் வைத்துச் சோதித்துப் பார்த்தவர், இதைப் பார்த்ததும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார். இது என்ன கோடு என்று கேட்டார். அந்தக் கோட்டைப் பற்றி டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தாள், அதை அப்படியே அவருக்குச் சொன்னேன், பால் வர்ற வழி, உள்ளேர்ந்து கிளம்பிக் காம்புக்கு வருது, இது மாதிரி நெறைய இருக்கு. "இந்த வழியாத்தான் ஷைனி குடிச்சிருக்கா," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. அப்போது நாங்கள் இருந்த தூத்துக்குடி வீட்டில் மின்விசிறி ஓடாது, வேர்வையில் குழந்தை வழுக்கும், பக்கத்தில் பாயில் உட்கார்ந்து இவர் அவள் எத்தனை மடக்கு குடிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டிருப்பார், எண்ணுவதற்கென்றே பிறந்த ஆள், நடுவில் நான் சிரித்தால் கணக்குத் தப்பிவிட்டது என்று கோபித்துக்கொள்வார். திரையில் யாராவது விரலை வைத்தால் இவருக்குப் பிடிக்காது, துணியெடுத்துத் துடைக்கப் போய்விடுவார். இப்போது அவரே விரலை வைத்தார். ஆழத்திலிருந்து மெல்லிசாகக் கிளம்பிய அந்த வெள்ளைக் கோட்டின் மேல் நகர்த்தி, அது வளைந்த இடத்தில் வளைந்து, இன்னொன்றோடு சேர்ந்த இடத்தில் நின்று, காம்பு வரைக்கும் கொண்டுபோனார். பிறகு விரலை எடுத்து அடுத்த கோட்டின் ஆரம்பத்தில் வைத்தார். "எல்லாத்தையும் பாக்கணும் ஜெசி," என்றார். செருமவில்லை. நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "பொறுமையாப் பாருங்க," என்றேன். "நான் எங்க போகப் போறேன்."